உள்நாட்டுப் போரில் ஒரு ஆளுநரின் முடிவைக் கணக்கிலிருந்து படிப்பது எப்படி

திருகோணமலையில் உயர்தர வகுப்புக்கு வரலாறு படிப்பிக்கிறேன். அமெரிக்க உள்நாட்டுப் போர் என்றதும் பிள்ளைகள் கேட்பது, "சேர், யார் பக்கம் நியாயம்?" போர்க் கதை கேட்டே வளர்ந்தவர்கள், கேட்கத்தான் செய்வார்கள். நான் முதலில் 1860 குடிசனக் கணக்கை எடுக்கச் சொல்வேன்.

கொப்பியில் மூன்று நிரல் போடுங்கள்: மாநிலம், மக்கள்தொகையில் அடிமைகளின் வீதம், அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிந்த திகதி. தென் கரோலினா 57 வீதம்; 1860 டிசம்பர் 20, எல்லோருக்கும் முதல். மிசிசிப்பி 55, 1861 ஜனவரி 9, இரண்டாவது. வேர்ஜீனியா 31 அளவில். சம்டர் கோட்டையில் சண்டை தொடங்கிய பிறகே, ஏப்ரல் 17. டெலவேயர் 2 வீதம்கூட இல்லை, பிரியவே இல்லை. வரிசை தானாகத் தெரியும்.

அப்புறம், தலைவரைத் தேர்ந்தது யார் என்று பாருங்கள். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். தென் கரோலினாவில் அப்போது ஆளுநரை மக்கள் தேரவில்லை, சட்டசபை தேர்ந்தது. அந்தச் சபையின் கீழவையில் உட்கார 1790 அரசியலமைப்பு கேட்ட தகுதிகளில் ஒன்று, 500 ஏக்கர் நிலமும் பத்து அடிமைகளும். தோட்ட முதலாளியின் பணம் ஆளுநரின் கதிரை வரை போன வழி இது.

விதிவிலக்கை மறைக்காதீர்கள். டெக்சாஸ் ஆளுநர் சாம் ஹூஸ்டனும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். ஆனாலும் பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென்கூட்டமைப்புக்குச் சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்து, 1861 மார்ச்சில் பதவி இழந்தார். மேரிலாந்து ஆளுநர் ஹிக்ஸும் அப்படித்தான், பிரிவினைக்கு இணங்கவில்லை. சொத்து மனிதனை இழுக்கும், ஆனால் எல்லோரையும் இழுத்துவிடாது என்று விடையில் எழுதுங்கள்.

போருக்குள் வந்தால் தென்கூட்டமைப்பின் 1862 ஒக்டோபர் சட்டத்தைப் பிடியுங்கள். இருபது அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு. ஏழைக் குடியானவன் கொதித்தான். ஜோர்ஜியா ஆளுநர் ஜோசப் பிரவுணோ கட்டாய ஆட்சேர்ப்பையே எதிர்த்து, தென்கூட்டமைப்பின் தலைநகரான ரிச்மண்டோடு மல்லுக்கு நின்றார்.

கடைசியாக நான்காவது நிரல் ஒன்று கட்டாயம் போடுங்கள்: அடிமைப்பட்டவர்கள் என்ன செய்தார்கள்? கிட்டத்தட்ட 40 இலட்சம் பேரை வெறும் வீதமாக எழுதிவிட்டுப் போக எனக்கு மனம் வராது. 1861 மேயில், தென்படைக்குப் பீரங்கி மேடை கட்ட அனுப்பப்பட்ட பிராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மல்லோரி, ஜேம்ஸ் டவுன்சென்ட் மூவரும் வடபடையின் கையிலிருந்த மன்றோ கோட்டைக்குத் தப்பி வந்தார்கள். தென்தரப்பு அவர்களைத் திருப்பிக் கேட்டபோது வடபடையின் ஜெனரல் பட்லர் கொடுக்க மறுத்தார். அவர்களுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள்.