கதீட்டர் வால்வு: டியூபோடு வீட்டுக்கு வந்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புராஸ்டேட் வீங்கி மூத்திரம் அடைத்தவர், பக்கவாதம் வந்தவர், பனையிலோ தென்னையிலோ இருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டவர் என்று, சிறுநீர்ப்பைக்குள் செருகிச் சிறுநீரை வடிய வைக்கும் கதீட்டர் டியூபோடு வீடு திரும்புகிறவர்கள் குமரி மாவட்டத்தில் ஊருக்கு ஊர் உண்டு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனையிலிருந்து வந்தாலும் திருவனந்தபுரத்திலிருந்து வந்தாலும் பெரும்பாலானவர்களுக்கு டியூபின் முனையில் ஒரு யூரின் பேக் தொங்கும். சிலருக்கு மட்டும் பேக் இருக்காது. அந்த இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் திருகு இருக்கும். அதுதான் கதீட்டர் வால்வு.

அதன் வேலை எளிது. வால்வு மூடியிருக்கும்போது சிறுநீர் சிறுநீர்ப்பையிலேயே சேரும். முட்டுவது தெரிந்தால், அல்லது மருத்துவர் சொன்ன நேரம் வந்தால், கழிப்பறைக்குப் போய்த் திறந்துவிட வேண்டும். முழுக்க வடிந்ததும் மூட வேண்டும். சாரத்துக்குள்ளோ சேலைக்குள்ளோ பேக் ஆடாது என்பதால் ஞாயிறு ஆராதனைக்கும் கல்யாண வீட்டுக்கும் கூச்சமில்லாமல் போகலாம். நிறைவதும் காலியாவதுமாக இருப்பதால் சிறுநீர்ப்பையும் தன் பழக்கத்தை விடாமல் இருக்கும். இதைக் கேள்விப்பட்டதும், "அந்தப் பேக்கைக் கழற்றிட்டு எனக்கும் திருகு மாட்டித் தாங்க சிஸ்டர்" என்று கேட்காத பாட்டாமார் குறைவு. கேட்பதில் தப்பில்லை. ஆனால் பேக் இருக்கும்போது வீட்டில் எல்லோரும் மறந்து தூங்கினாலும் நிறைவது பேக்தான். வால்வு போட்டவர் மறந்தால் நிறைவது சிறுநீர்ப்பை. வால்வில் வரும் பெரிய தவறுகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

ஆகாதவர்களுக்கு மாட்டுவது

அண்டை வீட்டுக்காரருக்கு ஒத்துப்போனது என்று சர்ஜிக்கல் கடையில் வாங்கி நாமே மாட்டிவிடக் கூடாது. மறதி நோய் உள்ளவர், விரலில் பிடிப்பு இல்லாதவர், கை நடுக்கம் அதிகம் உள்ளவர், இவர்களால் நேரத்துக்குத் திறக்க முடியாது. பக்கத்திலேயே ஒருவர் இருந்து திறந்துவிட முடியும் என்றால் மட்டும் யோசிக்கலாம். அந்த ஒருவர் காலை ஆறு மணிக்கு ரப்பர் பால்வெட்டுக்குப் போய்விட்டு மதியம் வருகிறவர் என்றால் பேக்தான் நல்லது.

சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள், சிறுநீர் மேல்நோக்கிச் சிறுநீரகத்துக்கே திரும்பும் கோளாறு உள்ளவர்கள், சிறுநீர்ப்பை சுருங்கிப்போனவர்கள், அது தானாகவே வெட்டி வெட்டி இழுப்பவர்கள், இவர்களுக்கெல்லாம் வால்வு ஆகாது. அறுவை சிகிச்சை முடிந்த உடனும் கூடாது. நல்ல சிறுநீர்ப்பையே 400 முதல் 500 மில்லி வரைதான் வசதியாகத் தாங்கும். மாதக்கணக்கில் பேக்கில் வடிந்துகொண்டே இருந்தால் அந்தக் கொள்ளளவும் குறைந்திருக்கும். அப்படிப்பட்டவருக்கு எடுத்த எடுப்பில் நான்கு மணி நேரம் மூடி வைத்தால் வலியும், டியூபின் ஓரமாக ஒழுக்கும்தான் மிச்சம். குறைந்த இடைவெளியில் தொடங்கி மெல்லக் கூட்ட வேண்டும். எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

வால்வு இல்லையென்றால் ரப்பர் பேண்டு

கதீட்டர் வால்வு எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. கிடைக்காதபோது வீட்டில் செய்யும் கைவைத்தியங்கள்தான் பயமாக இருக்கும். டியூபை இரண்டாக மடித்து ரப்பர் பேண்டு போடுவார்கள், நூலால் கட்டுவார்கள், துணி காயப்போடும் கிளிப் மாட்டுவார்கள். மடித்த இடத்தில் டியூப் ஒட்டிக்கொண்டால் அவிழ்த்த பிறகும் சரியாக வடியாது, கிழிந்தாலும் கிழியும். அதைவிட மோசம், மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று பார்த்த பார்வையில் தெரியாதது. டிரிப் ஏற்றும்போது மாட்டுகிற மூன்று வழித் திருகைக் கொண்டுவந்து செருகப் பார்ப்பவர்களும் உண்டு. அதன் துளை மிகச் சிறியது, டியூபின் வாயில் இறுக்கமாக உட்காரவும் செய்யாது.

குச்சி போன்ற அடைப்பான் ஒன்று உண்டு. டியூபின் வாயை அதனால் அடைத்து, தேவைப்படும்போது பிடுங்கி எடுப்பார்கள். பிடுங்கும் ஒவ்வொரு முறையும் டியூபின் உள்வாய் திறந்து கைபடும், கிருமிக்கு வழி கிடைக்கும். வால்வில் அந்தத் தொல்லை இல்லை. டியூபும் வால்வும் சேரும் இடத்தைத் தொடாமலே திறந்து மூடலாம்.

நேரம் தவறுவது

மருத்துவர் வேறு கணக்கு சொல்லாவிட்டால் பொதுவாக மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை திறப்பது வழக்கம். அதற்கு முன்பே முட்டினால் அப்போதே திறக்க வேண்டும். சர்க்கரை நோயாலோ முதுகுத்தண்டு அடியாலோ உணர்ச்சி குறைந்தவர்களுக்கு முட்டுவதே தெரியாது. அவர்கள் "எனக்கு ஒண்ணும் செய்யல்லியே" என்று உட்கார்ந்திருப்பார்கள், அடிவயிறு கல் மாதிரி இறுகியிருக்கும். இவர்களுக்கு உணர்ச்சியை நம்பாமல் போனில் அலாரம் வைத்துவிடுவதுதான் வழி. சில வீடுகளில் கட்டிலருகே ஒரு நோட்டு வைத்து, திறந்த நேரத்தையும் வந்த அளவையும் எழுதுகிறார்கள். மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டுக்கு ஸ்கேன் சீட்டுக்குச் சமமான மதிப்பு உண்டு.

நேரம் அதிகம் தவறுவது வெளியே போகும் நாட்களில்தான். மண்டைக்காடு கொடைக்கோ உறவுக்காரர் கல்யாணத்துக்கோ போனால் அங்கே ஆள் கூட்டம், கழிப்பறை எங்கே என்று தெரியாது, கேட்கவும் கூச்சம். சரி, வீட்டுக்குப் போய்த் திறக்கலாம் என்று ஆறேழு மணி நேரம் தாண்டிவிடும். கிளம்பும்போது ஒருமுறை திறந்துவிட்டுக் கிளம்புங்கள். நீண்ட நேரம் ஆகும் என்று தெரிந்தால் அன்றைக்கு மட்டும் வால்வின் கீழ்முனையில் காலில் கட்டும் பேக்கை இணைத்து, வால்வைத் திறந்து வைத்துவிடலாம். வால்வு போட்டால் பேக்கே கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

இன்னொன்று, அடிக்கடி திறக்க வேண்டியிருக்கிறதே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது. சிறுநீர் கெட்டியாகிக் கசடு சேர்ந்து டியூப் அடைப்பதற்கு இது குறுக்கு வழி. இருதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ கட்டுப்பாடு சொல்லப்படாதவர்கள் ஒரு நாளில் ஒன்றரை முதல் இரண்டு லிட்டராவது குடிக்க வேண்டும். சீரகத் தண்ணீர், கஞ்சித் தண்ணீர் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். மலச்சிக்கலையும் விடக் கூடாது. இறுகிய மலம் உள்ளிருந்து அழுத்தினாலும் டியூப் சரியாக வடியாது, ஓரமாக ஒழுகும்.

இரவில் மூன்று மணிக்கு எழுந்து திறக்கிறேன் என்று வீரம் பேச வேண்டாம். பழைய வீடுகளில் கழிப்பறை முற்றத்தைத் தாண்டி இருக்கும். இங்கே மழையோ இரண்டு பருவத்திலும் பெய்கிறது, வயதானவர் இருட்டில் வழுக்கி விழுவது வேறு. படுக்கப் போகும்போது இரண்டு லிட்டர் பேக்கை வால்வின் கீழ்முனையில் மாட்டி, வால்வைத் திறந்துவிட்டுத் தூங்க வேண்டும். இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கும். பேக்கை மாட்டிவிட்டு வால்வைத் திறக்க மறந்துவிடுவார்கள். பேக் மாட்டியாச்சு என்ற நிம்மதியில் எல்லோரும் தூங்க, இரவு முழுவதும் சேரும் சிறுநீர் உள்ளேயே நிற்கும். மாட்டிய பிறகு பேக்கின் குழாயில் சிறுநீர் இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு விளக்கை அணையுங்கள். காலையில் இதற்கு எதிர்மாறானது நடக்கும். வால்வை மூடாமல் பேக்கைக் கழற்றி, கட்டிலையும் துணியையும் நனைப்பார்கள். அதில் ஆபத்து இல்லை, மருமகளின் முகம் சுருங்கும், அவ்வளவுதான்.

இரவுப் பேக் சிறுநீர்ப்பையின் மட்டத்துக்குக் கீழே தொங்க வேண்டும், ஆனால் தரையில் படக் கூடாது. பேக்கைக் கட்டிலின் மேலேயே தலையணைக்கு அருகில் வைத்தால் சிறுநீர் இறங்காது, குழாயில் நிற்பது திரும்பியும் போகும்.

முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் இதைக் கட்டாயம் படிக்கவும்

மரத்திலிருந்து விழுந்து, நெஞ்சுப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் அடிபட்டவர்களுக்கு, சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிறைந்தால் ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், முகம் சிவந்து வியர்க்கும், மூக்கு அடைக்கும், உடம்பு புல்லரிக்கும். வெயில் சூடு, பித்தம் என்று நினைத்துத் தைலம் தேய்த்துப் படுக்க வைப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. படுக்கவே விடக் கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து உடனே வால்வைத் திறக்க வேண்டும். டியூப் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று பார்த்து, இடுப்பில் இறுக்கமாக இருப்பதைத் தளர்த்த வேண்டும். அதன் பிறகும் குறையவில்லை என்றால் 108-ஐ அழையுங்கள். மூளையில் ரத்தக்கசிவு வரை போகக்கூடியது இது. இப்படி அடிபட்டவருக்கு வால்வு வேண்டுமா என்பதையே மருத்துவரிடம் ஒன்றுக்கு இரண்டு முறை கேட்பது நல்லது.

கையும் முனையும்

திறப்பதற்கு முன்னும் மூடிய பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், முன்னால் கழுவுவதைத்தான் விட்டுவிடுவார்கள். வால்வின் முனை கழிப்பறைக் கோப்பையிலோ கப்பின் ஓரத்திலோ படக் கூடாது. கடைசிச் சொட்டு வடிந்த பிறகு சுத்தமான டிஷ்யூவால் முனையைத் துடைத்துவிடலாம்.

வால்வைப் பொதுவாக ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சரியான நாள் கணக்கு உறையிலேயே அச்சடித்திருக்கும். அந்த நாள் வரும்வரை டியூபிலிருந்து அதைக் கழற்ற வேண்டிய தேவையே இல்லை. கழற்றி வெந்நீரில் போட்டுக் கொதிக்க வைத்து மறுபடி மாட்டுவது மிச்சம் பிடிப்பது போலத் தோன்றும், ஆனால் இணைப்பு தளர்ந்து ஒழுகும், கிருமியும் ஏறும். புது வால்வை முன்கூட்டியே உறை பிரித்துக் குழாய்த் தண்ணீர் விட்டுச் சோதிப்பதும் கூடாது. எந்தப் பக்கம் திருப்பினால் திறக்கும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மாட்டும்போதே நர்ஸிடம் கேட்டு, அவர் முன்னால் ஒருமுறை நீங்களே திறந்து மூடிப் பாருங்கள்.

வால்வை அந்தரத்தில் தொங்கவிடாமல் தொடையில் பட்டையால் பிடிப்பித்து வைக்க வேண்டும். எடை சிறியதுதான், என்றாலும் நடக்க நடக்க இழுத்துப் புண்ணாக்கும்.

தேங்காய் எண்ணெய்

நம் ஊரில் எதற்கும் தேங்காய் எண்ணெய். டியூப் நுழையும் இடத்தில் எரிச்சல் என்றால் முதலில் அதைத்தான் தடவுவார்கள். ஆனால் ஃபோலி கதீட்டர் எனப்படும் இந்தச் சாதாரண டியூப் ரப்பர் பாலில் செய்தது. குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களிடம் கேட்டால் எண்ணெய் பட்ட ரப்பர் என்ன ஆகும் என்று சொல்வார்கள். ஊறி, பலம் குறைந்து, விரிசல் விடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், வாசலினும் வேண்டாம். தினமும் சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவினால், கழுவி முடித்ததும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். இல்லாவிட்டால் வீங்கி இறுகிக்கொள்ளும்.

ரப்பர் டியூபை நான்கு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. முழு சிலிக்கோன் டியூப் 12 வாரம் வரை இருக்கலாம். போட்ட தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.

நிறமுள்ள கிளையைத் தொடுவது

கதீட்டரின் வெளிமுனை இரண்டாகப் பிரிந்திருக்கும். ஒரு கிளையில்தான் வால்வு மாட்டியிருக்கும். இன்னொரு கிளையின் முனையில் ஆரஞ்சு, பச்சை, சிவப்பு என்று ஒரு நிறம் இருக்கும். அந்த நிறம் டியூபின் அளவைக் குறிப்பது, உதாரணமாக 16 என்றால் ஆரஞ்சு. அந்தக் கிளை உள்ளே இருக்கும் பலூனுக்குப் போகும் வழி. டியூப் வெளியே வராமல் பிடித்துவைத்திருப்பது அந்தப் பலூன்தான். அதுவும் ஒரு வால்வுதானே என்று குத்தினாலோ வெட்டினாலோ பலூனில் உள்ள தண்ணீர் இறங்கி டியூப் நழுவி வந்துவிடும். பலூன் நிறைந்திருக்கும்போது டியூபை இழுத்தாலோ மூத்திரக் குழாய் கிழிந்து ரத்தம் கொட்டும். ஞாபகப் பிசகு உள்ளவர்கள் இரவில் இழுத்துவிடுவது உண்டு.

சிறுநீர் கலங்கலாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடாதீர்கள். ஒரு மாதத்துக்கு மேல் டியூப் இருந்தால் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கத்தான் செய்யும். காய்ச்சல், குளிர் நடுக்கம், அடிவயிற்று வலி, புதிதாக ஒரு குழப்பம் என்று ஏதாவது சேர்ந்தால்தான் அது மருந்து கேட்கும் தொற்று. மலச்சிக்கல் உள்ள பாட்டிமாருக்குச் சில சமயம் இரவுப் பேக் கத்தரிப்பூ நிறமாகிவிடும். கிருமி செய்யும் நிற வேலை அது. வீடே கதிகலங்கிப் போகும், பெரும்பாலும் பெரிய ஆபத்து இல்லை, நர்ஸிடம் காட்டினால் போதும். டியூபை எடுப்பதற்கு முன் இரண்டு நாள் மூடி மூடித் திறந்து பழக்க வேண்டும் என்றும் பலர் நம்புகிறார்கள். கொஞ்ச நாள் மட்டும் டியூப் இருந்தவர்களுக்கு அது தேவையில்லை என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2009 வழிகாட்டியே சொல்கிறது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

வால்வைத் திறந்தும் ஒரு சொட்டும் வரவில்லை, அடிவயிறு உப்பி வலிக்கிறது என்றால் முதலில் டியூப் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விடியட்டும் என்று இருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ரத்தக் கட்டிகள் வந்தாலும், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலும், டியூப் கழன்று வந்துவிட்டாலும் அப்படியே. கழன்ற டியூபைக் கழுவி நாமே திரும்பச் செருகக் கூடாது. மற்ற சந்தேகங்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் செவிலியரிடம் கேட்கலாம். அவர் பகுதி எது, எந்த நாளில் வருவார் என்பது அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் தெரியும். போகும்போது டியூபின் அளவு எண்ணையும் போட்ட தேதியையும் கடைசியாக வால்வு மாற்றிய நாளையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். முதலில் கேட்பது அதைத்தான்.