கடலோர ஊரில் கால்பந்துப் போட்டி நடத்தப் போகிறீர்களா?

தூத்தூர், இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, நீரோடி பக்கம் பந்து உதைக்காத தெரு கிடையாது. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கால்பந்துத் தொடர் வரை போன மைக்கேல் சூசைராஜ் இரவிபுத்தன்துறைக்காரர்தான். அப்படிப்பட்ட குமரிக் கடற்கரையில் போட்டி நடத்தினால் ஊரே வந்து நிற்கும், அதனால் ஏனோதானோ என்று செய்ய முடியாது.

முதலில் தேதி. நல்ல ஆட்டக்காரர்களில் பலர் ஆழ்கடல் விசைப்படகில் போகிறவர்கள், போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும், அவர்கள் இல்லாத நாளில் கோப்பை வைத்து என்ன பயன்? கிறிஸ்துமஸ், ஈஸ்டர், ஊர்த் திருவிழாவை ஒட்டி வையுங்கள். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கடலில் மீன்பிடித் தடைக்காலம், அப்போதும் ஆள் இருக்கும், ஆனால் மழை பிடித்துக்கொள்ளும். மழைக்கென்று ஒன்றிரண்டு நாளைச் சும்மா விட்டு அட்டவணை போடுங்கள்.

தோற்றால் வெளியே என்கிற நாக் அவுட் முறையில் 8 அணிக்கு 7 ஆட்டம், 16 அணிக்கு 15. முதல் முறை என்றால் 8 போதும். பாதிக்கு 30 நிமிடம் வைத்து மூன்றரைக்குத் தொடங்கினால் இருட்டுவதற்குள் இரண்டு ஆட்டம் முடிந்துவிடும். யாருக்கு யார் என்பதை எல்லா அணித்தலைவர்களையும் உட்கார வைத்துச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள்.

சண்டை வருவது பெரும்பாலும் வெளியாள் விஷயத்தில்தான். ஒரு அணி காசு கொடுத்து வெளியூரிலிருந்து ஐந்து பேரை இறக்கினால், வருஷம் முழுக்க மணலில் பழகிய உள்ளூர்ப் பையன் ஓரத்தில் உட்கார்ந்திருப்பான். எனக்கு அது பிடிக்காது. அதிகபட்சம் இரண்டு பேர் என்று எழுதி, பெயர்ப் பட்டியலை ஆதார் நகலோடு முன்கூட்டியே வாங்கிவிடுங்கள், அப்புறம் யார் கெஞ்சினாலும் மாற்றாதீர்கள். நடுவர் கட்டாயம் வெளியூர்க்காரராக இருக்கட்டும். உள்ளூர்க்காரர் எவ்வளவு நேர்மையாக விசில் ஊதினாலும் தோற்ற அணி நம்பாது, மறுநாள் அவர் அதே தெருவில்தானே நடக்க வேண்டும்.

மைதானத்தில் கோல் போஸ்ட் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். மணலில் சும்மா நட்டால் சாயும், ஆழமாகக் குழி தோண்டி இறுக்குங்கள், பிள்ளைகள் அதில் தொங்குவார்கள். கோட்டிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளிக் கயிறு கட்டுங்கள், இல்லையென்றால் இறுதிப்போட்டியில் கூட்டம் கோட்டுக்கு மேலேயே வந்து நிற்கும். பெண்களும் வயசானவர்களும் உட்கார்ந்து பார்க்க நிழலாக ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள், கைதட்டலில் பாதி அங்கிருந்துதான் வரும்.

ஐஸ், கட்டுத்துணி, ஒரு வண்டி தயாராக இருக்கட்டும். தலையில் அடிபட்டவனை அவன் எவ்வளவு அடம்பிடித்தாலும் அன்றைக்குத் திரும்ப இறக்காதீர்கள்.

வரவு செலவை முடிந்த மறுநாளே எழுதி எல்லாரும் பார்க்கிற இடத்தில் ஒட்டுங்கள், வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பியவர்களுக்கும் அதைப் படம் எடுத்து அனுப்புங்கள். மிச்சம் இருந்தால் சின்னப் பிள்ளைகளுக்கு 4-ம் நம்பர் பந்து வாங்கிக் கொடுங்கள்.