பழைய பார்பி, பழைய பட்டு: வாங்குறதுக்கு முன்னாடி எத பாக்கணும்

பழைய பார்பி சேக்கணும்னா மொதல்ல முடிய பாக்காதீங்க, முதுக திருப்பி பாருங்க. நெறைய பொம்மைல 1966னு இருக்கும், ஒடனே விக்கிறவரு "அறுபது வருஷப் பொருளுமா"ன்னு அடிச்சு விடுவாரு, ஆனா அது அந்த ஒடம்பு அச்சோட காப்புரிமை வருஷம் தான், 90கள்ல வந்த பொம்மைலயும் அதே நம்பர் இருக்கும். பார்பியே 1959ல தான் வந்துச்சு.

காது பச்சையா இருக்கா? உள்ள இருந்த உலோகக் கம்மல் விட்ட கறை, லேசுல போவாது, வெலய கொறைங்க. கால் பிசுபிசுன்னு இருந்தா பிளாஸ்டிக்க மிருதுவாக்க கலந்த பொருள் வெளிய கசியுதுன்னு அர்த்தம், லேசான சோப்புத் தண்ணில தொடச்சு, வெயில் படாம காத்தோட்டமா வைங்க, கவர் போட்டு மூடாதீங்க.

டிரஸ்ஸுக்கு எதுக்கு செலவு, சென்னை வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கம் தைக்கிற அண்ணன்ட்ட வெட்டுத்துணி கேளுங்க, லேஸ், மணிக்கு சவுகார்பேட்டை.

பாட்டியோட பட்டுப்புடவைய மட்டும் பொம்மைக்கு வெட்டிடாதீங்க ப்ளீஸ்! அத காட்டன் துணில சுத்தி, அப்பப்ப மடிப்பு மாத்துங்க, இல்லன்னா மடிப்புலயே கிழியும். நம்ம கடல்காத்து ஈரத்துல ஜரிக வேற சீக்கிரம் கறுக்கும், அந்துருண்டைய நேரா மேல போடாதீங்க.