சமையலறைக் கழிவிலிருந்து எரிவாயு: வீட்டுக் கலன் முதல் ஜவ்வரிசி ஆலை வரை

சமையலறைக் கழிவை எரிவாயுவாக்கும் கலன் வாங்குவதற்கு முன்பு வாங்க வேண்டியது ஒரு தராசு. காய்கறித் தோல், மீந்த சோறு, குழம்பு, பழக்கழிவு, டீத்தூள் ஆகியவற்றைத் தனி வாளியில் சேர்த்து, ஒரு வாரம் ஒவ்வோர் இரவும் எடைபோட்டுக் குறித்து வாருங்கள். நான்கு பேர் உள்ள வீட்டில் அது பெரும்பாலும் ஒன்றரை கிலோவைத் தாண்டாது; பக்கத்து வீட்டாரும் கொடுத்தால் 2 கிலோ சேரும். ஒரு கிலோ சமையலறைக் கழிவு சுமார் 80 முதல் 100 லிட்டர் வாயு தரும். அடுப்பின் ஒரு பர்னர் மணிக்கு ஏறத்தாழ 400 லிட்டரை எரிக்கும். எனவே 2 கிலோ கழிவுக்கு நாளொன்றுக்கு அரை மணி நேரச் சமையல் என்பதே நியாயமான கணக்கு. ஒரு கன மீட்டர் வாயு, அதாவது 1,000 லிட்டர், சுமார் 430 கிராம் சமையல் எரிவாயுவுக்கு ஈடாகும் என்பதால், ஐந்தாறு மாதங்களுக்கு ஒரு 14.2 கிலோ சிலிண்டர் மிச்சமாகும். சிலிண்டரே தேவைப்படாது என்று சொல்லி விற்பவரிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லலாம்.

கலனுக்குள் நடப்பதைத் தெரிந்துகொண்டால் பின்னால் வரும் தொல்லைகளில் பாதி வராது. காற்றுப் புகாத இடத்தில் ஒரு வகை நுண்ணுயிர்கள் உணவைச் சிதைத்து அமிலமாக்குகின்றன. மற்றொரு வகை அந்த அமிலத்தைத் தின்று மீத்தேனை வெளியிடுகின்றன. முதல் வகை வேகமானது. இரண்டாவது வகை மெதுவாகப் பெருகுவது, சிறு மாற்றத்துக்கும் சுணங்கிவிடுவது. வெளிவரும் வாயுவில் 50 முதல் 65 விழுக்காடு மீத்தேனும், மீதி பெரும்பாலும் கரியமில வாயுவும், அழுகிய முட்டை நாற்றம் வீசும் ஹைட்ரஜன் சல்பைடு சிறிதளவும் இருக்கும்.

வீட்டுக்கு மிதக்கும் மூடி வகையே ஏற்றது. 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி ஒன்றையும் 750 லிட்டர் தொட்டி ஒன்றையும் வாங்கி, இரண்டின் வாய்ப்பகுதியையும் அறுத்து நீக்கிவிட்டு, சிறியதைப் பெரியதற்குள் கவிழ்த்து வைக்க வேண்டும். சிறிய தொட்டி உரசாமல் ஏறி இறங்குகிறதா என்பதைக் கடையிலேயே பொருத்திப் பார்த்து வாங்குவது நல்லது. கழிவை ஊற்றும் 3 அங்குல பி.வி.சி. குழாய் வெளித்தொட்டியின் அடிப்பக்கத்தில் நுழைய வேண்டும். வழிந்தோடும் குழாய் அதற்கு நேரெதிரே, விளிம்புக்குச் சற்றுக் கீழே அமைய வேண்டும். கவிழ்த்த தொட்டியின் உச்சியில் வால்வும் வாயுக் குழாயும் வரும். இணைப்புகளில் கசிவு இருக்கிறதா என்று சோப்பு நுரை தடவிப் பார்க்க வேண்டும். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் பழக்கம் ஆபத்தானது. நாள் முழுவதும் வெயில் விழும் இடமாக இருந்தால் வாயு அதிகம் கிடைக்கும்; 30 முதல் 37 டிகிரி வெப்பத்தில்தான் நுண்ணுயிர்கள் சுறுசுறுப்பாக இருக்கும்.

தொடக்கத்தில் 200 கிலோ புதுச் சாணத்தை அதே அளவு தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, வைக்கோலையும் கல்லையும் நீக்கி ஊற்ற வேண்டும். மீதி இடத்தைக் கிணற்று நீராலோ, ஒரு நாள் திறந்துவைத்துக் குளோரின் நெடி போன குழாய் நீராலோ நிரப்பலாம். பிறகு இரண்டு, மூன்று வாரங்கள் பொறுத்திருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் இன்னும் சில நாள் கூடும். மூடி முதன்முறை உயர்ந்ததும் அடுப்பைப் பற்றவைக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். ஆனால் அப்போது இருப்பது பெரும்பாலும் கரியமில வாயுவும் உள்ளே தங்கிய காற்றும்தான். எரியாது என்பதோடு, காற்றுக் கலந்த மீத்தேன் வெடிக்கவும் கூடும். முதல் இரண்டு முறை நிறைந்த வாயுவைத் திறந்தவெளியில், அருகில் நெருப்பில்லாமல் வெளியேற்றிவிட வேண்டும்.

வாயு எரியத் தொடங்கிய பிறகே சமையலறைக் கழிவைச் சேர்க்க வேண்டும். முதல் வாரம் தினமும் 250 கிராம், அதன்பின் சிறிது சிறிதாகக் கூட்டி ஒரு மாதத்தில் 2 கிலோவை எட்டலாம். கழிவைப் பழைய மிக்சியில் அரைத்து, அதைப்போல் இரு மடங்கு நீரில் கலக்கி ஊற்றினால் விரைவில் செரிக்கும். அந்த நீருக்குப் பதிலாக அரிசி களைந்த கழுநீர், வடித்த கஞ்சி, இட்லி மாவுப் பாத்திரம் அலசிய நீர் ஆகியவற்றை ஊற்றினால் இன்னும் நன்று. மாட்டுத் தொட்டிக்குப் போன அத்தனையும் இதற்கும் பிடிக்கும். எலுமிச்சை, சாத்துக்குடித் தோல்கள், வெங்காயச் சருகு, முட்டை ஓடு, எலும்பு, தேங்காய் நார் ஆகியவை வேண்டாம். சோப்புத் தண்ணீரும் பிளீச்சிங் பவுடரும் ஒரு குவளைகூடப் போகக் கூடாது.

கலன்கள் கெடுவது பெரும்பாலும் விருந்துக்கு மறுநாள்தான். எங்கள் வீட்டில் ஒரு பொங்கலுக்கு மிஞ்சிய சோற்றை எல்லாம், ஏழெட்டுக் கிலோ இருக்கும், வீணாக்க மனமின்றி ஒரே நாளில் ஊற்றினோம். மறுநாள் மூடி வழக்கத்தைவிட உயர்ந்து நின்றது. அடுப்பிலோ சுடர் தங்கவில்லை. மூன்றாம் நாள் வழிந்த நீரில் அதிகமாகப் புளித்த மாவின் வாடை அடித்தது. அமிலம் பெருகி, மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் ஒடுங்கிவிட்டன என்பதற்கு அதுவே அடையாளம். அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். காகிதத்தை நனைத்துப் பார்த்தால் 6.8 முதல் 7.2 வரை காட்ட வேண்டும், 6.5-க்குக் கீழே போனால் கழிவிடுவதை உடனே நிறுத்திவிட்டு, தெளிந்த சுண்ணாம்பு நீரைத் தினமும் சிறிதளவு ஊற்றி, இரண்டு வாளி சாணக் கரைசலும் சேர்க்க வேண்டும். எங்களுடையது தேறி வரப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

அடுப்புக்குச் செல்லும் குழாய் தொங்காமல் ஒரே சரிவில் இருக்க வேண்டும். வாயுவோடு வரும் நீராவி குளிர்ந்து தாழ்வான இடத்தில் தேங்கும். அங்கே ஒரு ‘T’ வடிவ இணைப்பும் வால்வும் வைத்து வாரம் ஒருமுறை வடிக்கலாம். சுடர் துள்ளித் துள்ளி எரிந்தால் குழாயில் நீர் நிற்கிறது என்று பொருள். அழுத்தத்தை அளக்க, ஒளி ஊடுருவும் குழாயை ‘ப’ வடிவில் வளைத்து, நீர் ஊற்றி, ஒரு முனையை வாயுக் குழாயோடு இணைத்தால் போதும். இரு பக்க நீர்மட்டத்துக்கும் வேறுபாடு 5 முதல் 8 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். குறைந்தால் மூடியின்மேல் செங்கற்களை எதிரெதிராக அடுக்கலாம். சாதாரண எரிவாயு அடுப்பின் துளை இதற்குச் சிறியது. சாண எரிவாயுவுக்கென்றே செய்த அடுப்பை வாங்குவதே முறை. நாற்றமும் அரிப்பும் குறைய, இரும்புத் துருவல் அடைத்த சிறு குழாய் வழியே வாயுவைச் செலுத்த வேண்டும். வழிந்துவரும் கரைசலை நீர் கலந்து வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். பச்சையாகத் தின்னும் கீரை மீது தெளிக்கக் கூடாது.

இந்த வாயுவில் மின்சாரமும் எடுக்கலாமே என்று கேட்பார்கள். ஒரு கன மீட்டரிலிருந்து எஞ்சின் வழியாக ஒன்றரை முதல் இரண்டு யூனிட் வரைதான் கிடைக்கும். வீட்டுக் கலன் ஒரு நாளில் தருவது அதில் ஐந்தில் ஒரு பங்கு. மின்சாரம் பெரிய அளவுக்குரியது. கோயம்பேடு சந்தையின் காய்கறிக் கழிவை நாளுக்கு 30 டன் வரை செரிக்கும் நிலையம் 2005-இல் அமைந்தது. இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலை 550 டன் ஈரக்கழிவுக்கானது. அதன் வாயுவைச் சுத்திகரித்துப் பேருந்துகளுக்கு எரிபொருளாக்குகிறார்கள். குப்பையை நேரடியாக எரிப்பது வேறு வழி, ஆனால் அங்கும் அளந்து பார்க்காமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1987-இல் டெல்லி திமார்பூரில் கட்டிய 3.75 மெகாவாட் ஆலையே சான்று. கிலோவுக்குச் சுமார் 1,460 கிலோ கலோரி வெப்பம் தரும் குப்பையை எதிர்பார்த்து அது கட்டப்பட்டது. வந்த குப்பையில் ஈரமும் மண்ணும் மிகுந்திருந்ததால் அதில் பாதிகூட இல்லை. ஆலை சில நாட்களே ஓடியது.

தொழிற்சாலைக் கழிவில் இந்த முறை நன்கு கைகூடும் இடம் சேலம், நாமக்கல் வட்டாரத்து ஜவ்வரிசி ஆலைகள். குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, அரைத்து மாவு பிரித்தபின் வெளியேறும் நீரில் கரைந்திருக்கும் மாவுச்சத்துதான் மூலப்பொருள். முதலில் நீரின் அளவையும் அதன் சி.ஓ.டி. அளவையும், அதாவது அதிலுள்ள கழிவுப்பொருளை ஆக்சிஜனேற்ற எவ்வளவு ஆக்சிஜன் தேவை என்பதையும், ஆய்வகத்தில் கண்டறிய வேண்டும். நாளுக்கு 1 லட்சம் லிட்டர் நீர், லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் சி.ஓ.டி. என்று வைத்துக்கொண்டால், அது 500 கிலோ. அதில் 80 விழுக்காடு நீங்கினால் கிலோவுக்கு 0.35 கன மீட்டர் வீதம் 140 கன மீட்டர் மீத்தேன், அதாவது ஏறத்தாழ 230 கன மீட்டர் வாயு கிடைக்கும். அது 400 யூனிட் மின்சாரத்துக்கோ, 100 கிலோ சமையல் எரிவாயுவின் வெப்பத்துக்கோ சமம். ஜவ்வரிசி வறுக்க ஆலைக்கு எப்படியும் வெப்பம் வேண்டியிருப்பதால், முதலில் அடுப்புக்கும் கொதிகலனுக்கும் கொடுத்துவிட்டு, மிஞ்சினால் மட்டும் ஜெனரேட்டரை நினைப்பதே என் பரிந்துரை.

அந்த நீர் இயல்பிலேயே புளிப்பானது. சுண்ணாம்பிட்டுச் சரிசெய்த பிறகே கலனுக்குள் விட வேண்டும். கிழங்குத் தோலில் சயனைடு இருப்பதால் நுண்ணுயிர்களை அதற்குப் படிப்படியாகவே பழக்க வேண்டும். மூடிய குழிக்குள் சேறு அள்ள ஆளை இறக்குவது எக்காரணத்தாலும் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு செறிந்தால் நாற்றம் தெரிவதற்குள்ளேயே உயிரைப் பறித்துவிடும். கிழங்கு வரத்து நின்று ஆலை மூடியிருக்கும் மாதங்களில் அடியில் தங்கிய சேற்றைக் கொட்டிவிடாமல் நீரோடு அப்படியே விட்டுவைத்தால், நுண்ணுயிர்கள் பட்டினியிலும் உயிரோடிருக்கும். அடுத்த பருவத்தில் அரைவை தொடங்கும்போது முதல் வாரம் கழிவுநீரில் கால் பங்கை மட்டும் உள்ளே விட்டு, பி.எச். அளவைக் காலையும் மாலையும் பார்த்து, மூன்று வாரத்தில் முழு அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.