கூம்பின் மேல் இரண்டாம் முறை அலையை அடையாளம் காண்பது எப்படி?

ஒலியைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான, அதாவது ஹைப்பர்சோனிக், வேகத்தில் கூம்பின் மேல் ஓடும் காற்றைக் கொந்தளிக்க வைக்கும் அலைகளில் ஒன்று ‘இரண்டாம் முறை’. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பொறியியல் மாணவர்கள் ஹைப்பர்சோனிக் சோதனைக்குக் கூம்பு மாதிரி செய்ய நினைத்தால், ஓசூரில் சிஎன்சி பட்டறைகளுக்குக் குறைவில்லை. 7 பாகை அரைக்கோணக் கூம்பையே பலரும் சோதித்திருப்பதால், அதைத் தேர்ந்தெடுத்தால் ஒப்பிட எளிது. வரைபடத்தில் கோணத்தோடு முனையின் ஆரத்தையும் மறவாமல் குறிக்க வேண்டும். முனை சிறிது மழுங்கினால் கொந்தளிப்பு தொடங்கும் இடம் பின்னுக்குத் தள்ளிப்போகும், மிகவும் மழுங்கினால் அந்த இடம் திரும்பவும் முன்னுக்கு வந்துவிடும். முனையைத் தனியாகக் கடைந்து திருகி மாட்டுவதானால், இணைப்பின் மேல் நகத்தை இருபுறமும் ஓட்டிப் பாருங்கள். நகத்தில் தட்டுப்படும் சிறு மேடுபள்ளம்கூட, கூம்பின் பரப்பை ஒட்டி ஓடும், ஓரிரு மில்லிமீட்டர் தடிமனே உள்ள காற்றடுக்கான எல்லைப்படலத்துக்குப் பெரிய தடை.

அடுத்தது கணக்கு. ஆய்வாளர் லெஸ்லி மேக் விளக்கிய இரண்டாம் முறை என்பது, எல்லைப்படலத்துக்குள், கூம்பின் பரப்பாகிய சுவரை ஒட்டிய பகுதியில் சிக்கிக்கொண்டு, எதிரொலித்தபடியே வளரும் ஒலியலை. அதன் அலைநீளம் படலத் தடிமனைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. படலத்தின் வெளிவிளிம்பில் காற்றின் வேகம் (விளிம்பு வேகம்) வினாடிக்கு 870 மீட்டர், தடிமன் 1.5 மில்லிமீட்டர் என்றால், வேகத்தை 3 மில்லிமீட்டரால் வகுக்க 290 கிலோஹெர்ட்ஸ் கிடைக்கும். அலை விளிம்பு வேகத்தைவிடச் சற்று மெதுவாகச் செல்வதால், உண்மையான உச்சம் இதற்குக் கொஞ்சம் கீழே நிற்கும். எனவே மெகாஹெர்ட்ஸ் வரை உணரும் சிறிய அழுத்த உணரிகள் தேவை. அவற்றின் முகம் கூம்பின் பரப்போடு சமமாக அமர வேண்டும்.

உணரியின் பதிவை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் நிறமாலையில் எதிர்பார்த்த இடத்தில் உச்சம் தெரிந்ததுமே மகிழ்ந்துவிடக் கூடாது, ஏனெனில் உணரியின் சொந்த அதிர்வும் அப்படியே தோன்றும். கூம்பின் நீளவாக்கில் இரண்டு உணரிகளை வைத்து, முனையிலிருந்து இரண்டாவதன் தொலைவு முதலாவதைப்போல் இருமடங்காக இருக்கும்படி செய்யுங்கள்: படலம் தடிப்பதால் உச்சம் 290இலிருந்து சுமார் 205 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கினால், அது அலைதான். காற்றோட்ட அழுத்தத்தை இருமடங்காக்கினால் படலம் மெலிந்து, உச்சம் ஏறத்தாழ 1.4 மடங்கு ஏற வேண்டும். எதற்கும் அசையாத உச்சத்தை ஒதுக்கிவிடலாம்.

அதிர்ச்சி அலையால் நொடிப்பொழுது அதிவேகக் காற்றோட்டத்தை உண்டாக்கும் ஷாக் டனலில் சோதனை நேரம் ஒரு மில்லிவினாடி அளவே கிடைப்பதுண்டு. அதற்குள் 200 கிலோஹெர்ட்ஸ் அலை 200 சுற்றுகளே ஆடும் என்பதால், பல ஓட்டங்களின் நிறமாலைகளைச் சராசரி எடுப்பதே நல்லது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் சுவரின் வெப்பநிலையைத் தவறாமல் எழுதி வையுங்கள். குளிர்ந்த சுவர், குறைந்த அதிர்வெண்ணில் வளரும் மற்றோர் அலையான முதல் முறையை அடக்கும், இரண்டாம் முறையையோ தூண்டிவிடும்.