இடி மின்னலில் காருக்குள் மாட்டிக்கொண்டால்

டயர்தான் காப்பாற்றும் என்று நானும் ரொம்ப நாள் நம்பியிருந்தேன். மேகத்திலிருந்து அத்தனை தூரம் காற்றைக் கிழித்து வரும் மின்னலுக்கு ஒரு சாண் ரப்பர் எம்மாத்திரம்? காப்பது நம்மை மூடியிருக்கும் உலோகக் கூடு. மின்சாரம் அதன் வெளிப்புறமாகவே ஓடித் தரையில் இறங்கிவிடும். அதனால் துணிக்கூரை வண்டியை நம்ப வேண்டாம். பைக் என்றால் பேச்சே இல்லை, நிறுத்திவிட்டுக் கட்டடத்துக்குள் ஓடுங்கள்.

நான் மரம், மின்கம்பம் இல்லாத இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, நான்கு இண்டிகேட்டரையும் போட்டு, கண்ணாடிகளை முழுக்க ஏற்றிவிடுவேன். சார்ஜரில் மாட்டிய போனைத் தொடமாட்டேன். ஸ்டியரிங், ரேடியோ, கதவுப் பிடி எதிலும் படாமல் கை இரண்டும் மடியில். (கதவில் முழங்கையைச் சாய்க்கும் பழக்கம்தான் போகமாட்டேன் என்கிறது.) கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் இறங்குவேன்.