தடைக்காலத்துக்கு முன் டீம் சேர்க்கிறவர்கள் செய்யக் கூடாத தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு நோட்டு. "அண்ணே, இந்த வருசம் நாங்களும் ஒரு செவன்ஸ் டீம் போடுறோம். லிஸ்ட்டைப் பாத்துச் சொல்லுங்க" என்றார்கள். செவன்ஸ் என்றால் பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து. நோட்டில் பதினான்கு பெயர் இருந்தது. அதில் ஒன்பது பேர் கோல் போடுகிற ஃபார்வர்டு. கோல்கீப்பர் என்று எழுதி நேரே ஒரு கேள்விக்குறி. கடைசிப் பக்கத்தில் பிராக்டீஸுக்கு யார் யார் வந்தார்கள் என்று பேர் பேராகக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 2018-ல் நான் வைத்திருந்த நோட்டும் இதே மாதிரிதான் இருந்தது.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மண்டபம், பாம்பன், தேவிபட்டினம் என்று எங்கள் ராமநாதபுரம் கரையில் பந்தாட்டத்தின் காலண்டரைக் கடல்தான் எழுதுகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. போட்டெல்லாம் கரையில் நிற்கும், ஆட்கள் ஊரில் இருப்பார்கள், பள்ளிக்கூட லீவும் சேர்ந்துகொள்ளும். எங்களுக்கு அதுதான் சீசன். ஐப்பசி, கார்த்திகை மழையில் திடல் முழுக்கத் தண்ணீர் நிற்கும். ஆக, பொங்கல் முடிந்து சித்திரை பிறப்பதற்குள் டீம் சேர்த்தாக வேண்டும். கெடுப்பதும் அந்த மூன்று மாதத்தில்தான்.

பந்துக்குக் காற்று அடிப்பது, நுழைவுக் கட்டணத்தைத் தேதிக்குள் கட்டுவது, ஜெர்சி நம்பர் இரண்டு பேருக்கு ஒன்றாக வராமல் பார்ப்பது, இதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஒரு தடவை பட்டால் தானாகத் தெரிந்துவிடும்.

வருகைக் கோட்டை எண்ணிப் பெயரை வெட்டுவது

இதைத்தான் நிறைய எழுத வேண்டும். இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

2018 பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதமும் புதன், சனி, ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிராக்டீஸ் வைத்தேன். எட்டு வாரம், 24 நாள். நோட்டில் கறாராகக் கோடு போட்டேன். பாதி நாள்கூட வராதவன் டீமில் கிடையாது என்று முதல் நாளே சொல்லியிருந்தேன். ஒழுக்கம் வேண்டும், எல்லாருக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று நினைத்தேன்.

மார்ச் கடைசியில் எண்ணிப் பார்த்தால், எங்கள் டீமின் நடு ஆட்டக்காரனுக்கு ஏழே கோடு. 24-ல் ஏழு. பெயரை அடித்துவிட்டேன். அவன் வந்து, "அண்ணே, போட்டுக்குப் போறேன்ல. மேட்ச்சுன்னா கண்டிப்பா வந்துருவேன்" என்றான். "எல்லாருக்கும் ஒரே சட்டம்தான் தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். அவன் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசவில்லை.

எங்கள் பக்கம் விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. போன போட்டு மறுநாள் காலையில்தான் கரைக்கு வரும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. கடற்கரையில் பிறந்த எனக்கு இது தெரியாததா? தெரியும். ஆனால் பிராக்டீஸ் நாளைக் குறிக்கும்போது அதை யோசிக்கவில்லை. புதனும் சனியும் அவன் கடலில் இருப்பான். அவனால் வர முடிந்தது ஞாயிறு மட்டும்தான். எட்டு ஞாயிறு. சனி ராத்திரி முழுக்க வலை இழுத்துவிட்டு, காலையில் மீன் இறக்கி, நாலு மணி நேரம் தூங்கி எழுந்து, அந்த எட்டில் ஏழு ஞாயிறு வந்திருக்கிறான். என் நோட்டிலேயே ரொம்ப ஒழுங்காக வந்தவன் அவன்தான். அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தது மே மாதம், எல்லாம் முடிந்த பிறகு.

24 நாளும் வந்தவர்கள் யார்? காலேஜ் பையன்கள். நல்ல பையன்கள், குறை சொல்லவில்லை. ஆனால் ஏப்ரல், மே என்றால் அவர்களுக்கு செமஸ்டர். பிப்ரவரியில் ஓய்வாக இருந்தவர்கள் சீசனில் பரீட்சைக்குப் போனார்கள். பிப்ரவரியில் கடலில் கிடந்தவன் சீசன் முழுக்க, 61 நாளும், கரையில் சும்மா இருந்தான். ஆள் இல்லாத மாதத்தை வைத்து, ஆள் வேண்டிய மாதத்துக்கு நான் டீம் எடுத்திருக்கிறேன்.

பக்கத்து ஊர் டீம் அவனைக் கூப்பிட்டுக்கொண்டது. மே மாதம் அரையிறுதியில் எங்களுக்கு எதிரே நின்றான்.

அந்த மேட்ச் எனக்கு அடி அடியாக ஞாபகம் இருக்கிறது. செவன்ஸில் திடல் சின்னது, நடுவில் ஒருவன் சரியாக நின்றால் பாதித் திடலை அடைத்துவிடலாம். அவன் தன் இரண்டு பேக்குக்கு, அதாவது பின்னால் தடுத்து ஆடுகிறவர்களுக்கு, முன்னால் நாலு எட்டு தள்ளி நின்றான். விழுந்து அடித்துப் பந்தைப் பிடுங்கவே இல்லை. எங்கள் ஆள் பாஸ் கொடுக்கக் குனியும்போதே அவன் வலது கால் அந்த வழியில் போய் நிற்கும். பந்து அவன் காலில் பட்டுச் சாகும். உடனே பக்கத்தில் இருப்பவனுக்குத் தட்டிவிட்டுப் பழைய இடத்துக்கு வந்துவிடுவான். முதல் பாதியில் எங்கள் ஃபார்வர்டுக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த பந்து மூன்று. 2-0 என்று தோற்றோம். இரண்டு கோலும் அவன் வெட்டி எடுத்த பந்தில் ஆரம்பித்தவை. முடிந்ததும் வந்து கை கொடுத்தான். "என்னை ஏண்ணே எடுக்கல?" என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

இந்த மாதிரி ஆட்டக்காரனை விடுவது பெரிய கிளப்புகளும் செய்த தவறு. 2003-ல் ரியல் மாட்ரிட் ஸ்பெயின் லீக்கை ஜெயித்தது. அதே கோடையில் பெக்காமை வாங்கியது, சம்பளம் கூட்டிக் கேட்ட மக்கெலேலேவை செல்சிக்கு அனுப்பியது. மக்கெலேலே கோல் போடுகிற ஆள் இல்லை. பேக்குக்கு முன்னால் நின்று பந்தை வெட்டி, பக்கத்தில் இருப்பவனிடம் கொடுக்கிற ஆள். அதற்கப்புறம் மூன்று சீசன் மாட்ரிட்டுக்கு லீக் கிடைக்கவில்லை. செல்சி 2004-05, 2005-06 இரண்டு வருடமும் இங்கிலாந்து சாம்பியன். முதல் வருடம் 38 மேட்ச்சில் அவர்களுக்கு எதிராக விழுந்தது வெறும் 15 கோல். இதெல்லாம் எனக்கு முன்னாடியே தெரியும். டீக்கடையில் உட்கார்ந்து மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சொந்த நோட்டில் அதே மாதிரி ஒரு பெயரை அடிக்கும்போது அது என் கண்ணில் படவில்லை.

இப்போது என் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு கட்டம். ஒன்று, வர முடிந்த நாள். இன்னொன்று, வந்த நாள். இரண்டாவதை முதலாவதோடு மட்டும்தான் ஒப்பிடுவேன். அதோடு ஒவ்வொருவரிடமும் ஏப்ரல் முதல் ஜூன் வரை என்ன இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன்: பரீட்சை, வீட்டில் கல்யாணம், விசா வருமா, என்ன போட்டு. நாட்டுப்படகுக்குத் தடைக்காலம் கிடையாது, அந்தப் பையன்கள் மே மாதமும் கடலுக்குப் போவார்கள். மீன்பிடிக்கிறவன் எல்லாரும் சும்மா இருப்பான் என்று நினைத்துவிடாதீர்கள். அதே மாதிரி ஜூன் 15-க்கு மேல் இழுக்கிற டோர்னமெண்ட் என்றால் கதை அப்படியே திரும்பிவிடும். போட்டுக்காரர்கள் போய்விடுவார்கள், பரீட்சை முடிந்த காலேஜ் பையன்கள்தான் கை கொடுப்பார்கள். இரண்டு பேரும் லிஸ்ட்டில் வேண்டும்.

வசூல் பணம் முழுவதையும் ஒரே கெஸ்ட் பிளேயருக்குக் கொடுப்பது

அதே வருடம் நன்கொடையாக 10,000 ரூபாய் வசூலானது. யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கோயில் மைக்கில் வாசித்தோம். அடுத்த வாரம் வெளியூர் ஃபார்வர்டு ஒருவரிடம் பேசினால், போன வருடம் 3,000-க்கு ஆடியவர் 6,000 கேட்டார். கையில் காசு இருப்பது அவருக்குத் தெரியும், நாங்களும் கொடுத்தோம். அரையிறுதியில் அவர் பந்துக்காகக் கையைத் தூக்கிக்கொண்டே நின்றார். அவர் மேல் தப்பு இல்லை. நடுவிலிருந்து பந்து போகவில்லை.

பார்சிலோனாவுக்கு நடந்ததும் இதுதான். 2017 ஆகஸ்டில் நெய்மாரை பாரிஸுக்கு விட்டு 22.2 கோடி யூரோ வாங்கினார்கள். உலகத்துக்கே தெரிந்த தொகை. அதற்கப்புறம் டெம்பெலே, கூட்டின்யோ என்று வாங்கப் போன இடத்திலெல்லாம் விலை ஏறித்தான் இருந்தது. 2020 ஆகஸ்டில் பயர்ன் மியூனிக் பார்சிலோனாவை 8-2 என்று அடித்தபோது, அதில் இரண்டு கோல் போட்டது கூட்டின்யோ. பார்சிலோனாவே கடனாக அனுப்பி வைத்திருந்த ஆள். அந்த ராத்திரி டிவி முன்னால் உட்கார்ந்திருந்த எனக்கு, பக்கத்து ஊர் ஜெர்சியில் நின்ற எங்கள் தம்பிதான் ஞாபகத்துக்கு வந்தான்.

கெஸ்ட் பிளேயரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் உங்கள் ஊர்ப் பையன்களின் பஸ் செலவு, சாப்பாடு, பூட் இல்லாதவனுக்கு பூட், இதற்கெல்லாம் பணத்தை ஒதுக்குங்கள். மீதியில் கெஸ்ட்டைப் பாருங்கள். அப்புறம், வசூல் தொகையை ஆள் பேசி முடித்த பிறகு மைக்கில் சொல்லுங்கள்.

கோல்கீப்பரைக் கடைசியில் தேடுவது

முதல் பெயராக எழுதுங்கள். 2018 சாம்பியன்ஸ் லீக் இறுதியில் லிவர்பூல் கீப்பர் செய்த பிழைகளில் இரண்டு கோல் போனது, 3-1 என்று தோற்றார்கள். அந்தக் கோடையில் ரோமா கிளப்பிலிருந்து அலிசன் என்ற கீப்பரை வாங்கினார்கள், அடுத்த வருடம் அதே கோப்பை அவர்கள் கையில். நம் கரையில் இன்னொன்றும் உண்டு. மே கடைசியில் கச்சான் காற்று பிடித்துவிட்டால் உயரப் பந்து நின்று விழும், இல்லையென்றால் தள்ளிக்கொண்டு போகும். அந்தக் காற்றில் பந்து பிடித்துப் பழகிய உள்ளூர்ப் பையன், வெளியூர்க் கீப்பரைவிட மேல்.

இடது கால்காரன் இல்லாமல் டீம் எடுப்பது

ஒருவனாவது வேண்டும்.

அக்கா மகன், மாமா மகன்

நன்றாக ஆடினால் எடுங்கள். இல்லையென்றால் வீட்டில் ஒரு மாதம் பேச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜெயித்த வருடம் சும்மா இருப்பது

கோப்பை வாங்கிய அன்று ராத்திரியே உங்கள் பையன்களுக்கு போன் வர ஆரம்பிக்கும். லெஸ்டர் சிட்டி 2015-16-ல் இங்கிலாந்து சாம்பியன். அந்தக் கோடையில் அவர்களை விட்டுப் போன முக்கியமான ஆள் கான்டே, மக்கெலேலே மாதிரியே நடுவில் நின்று வெட்டுகிறவர். அடுத்த சீசன் லெஸ்டருக்கு 12-வது இடம், கான்டே போன செல்சிக்குக் கோப்பை. நம் தமிழ்நாட்டில் சென்னை சிட்டி கிளப் 2018-19-ல் ஐ-லீக் என்ற தேசிய லீக்கை ஜெயித்தது. அதில் 21 கோல் போட்ட பெட்ரோ மான்சி அடுத்த சீசன் பாதியிலேயே ஜப்பான் கிளப்புக்குப் போய்விட்டார்.

போகிறவனைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. அவன் இடத்துக்கு யார் என்று ஜெயித்துக்கொண்டிருக்கும்போதே பார்த்து வையுங்கள். நாங்கள் ஒரு வருடம் கோப்பை வாங்கினோம், அடுத்த பொங்கலுக்குள் நாலு பேர் போய்விட்டார்கள். அதில் இரண்டு பேர் வேலைக்காக வளைகுடாவுக்கு. எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புப் பையன்களைக் கடைசிப் பத்து நிமிடமாவது இறக்கிவிட்டிருந்தால் அந்த வருடம் அவ்வளவு திண்டாடியிருக்க மாட்டோம்.

வந்த பையன்களிடம் இவ்வளவும் சொல்லி முடிக்கும்போது இருட்டிவிட்டது. அவர்கள் நோட்டை வாங்கிக் கடைசிப் பக்கத்தை மறுபடி பார்த்தேன். கோடு குறைவாக இருந்த இரண்டு பெயரை அடித்திருந்தார்கள். யார் என்று கேட்டேன். "அவனுங்க போட்டுக்குப் போறவனுங்கண்ணே, ஒழுங்கா வர்றதில்ல" என்றான் ஒருவன்.

"வர்ற ஞாயிறு காலையில ஆறு மணிக்கு படகு ஜெட்டிக்கு வாங்க, நானும் வர்றேன்" என்றேன். "அவங்க மீன் இறக்கி முடிக்கட்டும். டீ வாங்கிக் கொடுத்துட்டு, பிராக்டீஸ என்னைக்கு வச்சா வர முடியும்னு அவங்ககிட்டயே கேப்போம்."